கடிக்கக் கூடாத பெட்டி

பிப்ரவரி 9

அன்பு மகளுக்கு,

நானும் உன் அம்மாவும் சுகம். சுகம் என்று எழுதினாலும் என் முன்பல் இரண்டும் இப்போது வாயில் இல்லை, சட்டைப் பையில் இருக்கின்றன. வேறு யாராவது உனக்கு எழுதிப்போடுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

போன கடிதத்தில் ஒரு பழைய சமையல் குறிப்பை எழுதி அனுப்பியிருந்தாயே. 'நல்ல ஆப்பிள், அத்திப்பழம், உலர்ந்த திராட்சை, பேரிக்காய், நல்ல வாசனைச் சாமான். நன்றாக இடித்து, குங்குமப்பூவால் நிறமேற்றி, மாவுப் பெட்டியில் வைத்துச் சுடவும்.' அறுநூறு வருஷத்துக்கு முந்தைய 'ஆப்பிள் பை' என்கிற வெள்ளைக்காரப் பண்டம் என்று சொல்லியிருந்தாய். அத்தனை பெரிய ஹோட்டலில் என் மகள் எதோடு மல்லுக்கட்டுகிறாள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். தெருமுனை ரொட்டிக்காரரிடம் கெஞ்சி அவர் அடுப்பில் ஒரு மூலை வாங்கினேன். மாவைப் பிசைந்து, கையாலேயே பெட்டி பிடித்து, மூடி போட்டுச் சுட்டு எடுத்தோம். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. கடை வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. "முதல் கடி நீங்கதான் கடிக்கணும்" என்றார் ரொட்டிக்காரர். கடித்தேன். கட்டுப்பல் அதிலேயே தங்கிவிட்டது. நான் மட்டும் திரும்பி வந்தேன்.

பல் டாக்டர், "அப்படி என்னத்தைக் கடிச்சீங்க?" என்றார்.

"என் பொண்ணு செய்யற இனிப்பு, டாக்டர்."

"அவங்களை சிமெண்ட் கம்பெனியில சேர்த்திருக்கலாமே."

உன் அம்மா இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

மற்றபடி ஒரு விஷயம். எங்கள் பேக்கிங் கம்பெனி ஆபீஸில் லேபிள் எழுதும் நாற்காலி உனக்காக அப்படியே காலியாக இருக்கிறது. 'ஒரு வருஷம் பார்க்கிறேன், சரிப்படாவிட்டால் வந்து அதில் உட்கார்ந்துகொள்கிறேன்' என்று நீ ரயிலேறும்போது சொன்னதை மேனேஜர் மறக்கவில்லை. ஆகவே எதற்கும் பயப்படாதே.

வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
பல்லில்லாத உன் அப்பா

பிப்ரவரி 20

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். விரல்களும் நலம், தோல் சீவும்போது வெட்டிக்கொண்டது ஆறிவிட்டது என்று அம்மாவிடம் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தை ஹாஸ்டல் சாப்பாட்டு மேஜையில் வைத்துப் படித்தது என் தப்பு. பக்கத்தில் இருந்தவள் என் முதுகைத் தட்டித் தண்ணீர் கொடுத்தாள்.

அப்பா, அந்தப் பெட்டியைக் கடிக்கவே கூடாது என்றுதான் எங்கள் சரித்திர டீச்சர் சொல்கிறார். (குறிப்பைத் தேடிக் கொடுத்தவர் அவர்தான். கல்லூரியில் பாடம் எடுக்கிறார்.) அந்தக் காலத்தில் சுடுவதற்குத் தகரத் தட்டு ஏது? மாவுதான் பாத்திரம். விரல் தடிமனுக்குச் சுவர் எழுப்பி, உள்ளே பழத்தை வைத்து மூடிச் சுட்டார்கள். சர்க்கரைகூட இல்லை, அது அப்போது கைக்கெட்டாத சாமான். அத்தியும் திராட்சையும்தான் இனிப்பு. வெண்ணெய் சேர்த்துச் சுவரை மெல்லிசாக்கி, மேலே பின்னல் போட்டு, அதையும் தின்ன ஆரம்பித்ததெல்லாம் பிற்பாடு வந்த பழக்கம்.

ஆனால் எங்கள் தலைமைச் சமையல்காரர் ஒத்துக்கொண்டால்தானே. அவர் தொப்பி என் முழங்கை நீளம் இருக்கும். தூங்கும்போதாவது கழற்றுவாரா என்பது சந்தேகம். நாங்கள் அவருக்கு வைத்த பெயரே தொப்பிதான். "என் மேஜைக்கு வர்றது எல்லாத்தையும் தின்ன முடியணும்" என்கிறார். ஜூன் பாதியில் ஹோட்டலின் நூறாவது ஆண்டு விருந்து. ஆப்பிள் பை வளர்ந்த கதையை மூன்று தட்டுகளில் காட்டப்போகிறார்கள். முதல் தட்டை யாரும் சீண்டவில்லை, அதனால் பழம் தோலுரிக்கிற என் தலையில் கட்டினார்கள். சுவர் தானாக நிற்கவும் வேண்டுமாம், வாயில் கரையவும் வேண்டுமாம். இது தேறினால் அடுப்புப் பிரிவில் எனக்கு நிரந்தர இடம். தேறாவிட்டால் ஜூலையோடு என் ஒரு வருஷம் முடிகிறது.

இதுவரை செய்த சுவரெல்லாம் அடுப்புக்குள் போனதும் உட்கார்ந்துவிட்டது. எனக்கு முன்னால் அதற்குத்தான் நாற்காலி வேண்டும் போலிருக்கிறது. தயவுசெய்து அந்த நாற்காலியைப் பற்றி எழுதாதீர்கள் அப்பா. படித்தாலே முதுகு வலிக்கிறது. அது சரி, இப்போது அங்கே லேபிள் யார் எழுதுகிறார்கள்?

பல்லைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்

மார்ச் 4

அன்பு மகளுக்கு,

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. அதைத் தவிர எல்லோரும் சௌக்கியம். புதுப்பல் வந்துவிட்டது. பழையதைவிடக் கொஞ்சம் பெரிது. வாயை மூடினாலும் சிரிக்கிற மாதிரி இருக்கிறதாம். நேற்று ஒரு துக்க வீட்டுக்குப் போய் வாசலோடு திரும்பிவிட்டேன்.

நாற்காலியைப் பற்றி எழுத வேண்டாம் என்றாய். எழுதவில்லை. அது பாட்டுக்கு இருக்கிறது.

நீ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரே பெருமை. நானும் பெட்டி அடிக்கிறவன், என் மகளும் பெட்டி செய்கிறாள். ஷெட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மூலைக்கு மூலை தகரப்பட்டை அடிக்கச் சொன்னான் ஒருவன். நான் என் பங்குக்கு, உள்ளே குறுக்குச் சட்டம் கொடுக்கலாம் என்றேன். ரொட்டிக்காரர் அதைக் கேட்டுவிட்டு, "அண்ணே, நீங்க சும்மா இருக்கறதே உங்க பொண்ணுக்குப் பெரிய உதவி" என்றார். ஒன்பதாம் வகுப்பை எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்தவன் வேறு என்ன சொல்வேன்? எங்கள் தொழிலில் இருப்பது ஒரே வேதம்தான்: உள்ளே இருக்கும் சாமான் ஆடக் கூடாது. வைக்கோலைத் திணி, அப்புறம் ஆணி அடி. முப்பது வருஷமாகப் பீங்கானும் கண்ணாடியும் அனுப்புகிறேன். வைக்கோல் வைக்காமல் ஒரு பெட்டி மூடியதில்லை. மாவுக்கு அது உதவாது.

அம்மா உன் விரலைப் பற்றித்தான் கேட்கிறாள். ஆறிவிட்டது என்றால் நம்ப மாட்டாளாம். எந்த விரல் என்று எழுது.

அன்புடன்,
அப்பா

ஏப்ரல் 18

அன்புள்ள அப்பாவுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆள்காட்டி விரல், இடது கை. ஆறிவிட்டது.

எழுத ஒன்றும் இல்லாததால்தான் எழுதவில்லை. வெண்ணெயைக் கூட்டினால் சுவர் சரிகிறது. குறைத்தால் நிற்கிறது, தொப்பி ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டுத் துப்புகிறார். ஆப்பிளை அழகாக வில்லை வில்லையாக நறுக்கி அடுக்கினால் தண்ணீர் விட்டு அடி ஊறிப்போகிறது. நேற்று மேஜைக்கு எடுத்துக்கொண்டு போகிற வழியிலேயே ஒன்று விரிந்து என் காலணிக்குள் இறங்கிவிட்டது. யாரும் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

தொப்பி முடிவு சொல்லிவிட்டார். தகர அச்சில் சாதாரண வெண்ணெய் மாவைப் போட்டுச் சுட்டு, அதையே பழங்காலத்துப் பண்டம் என்று வைத்துவிடலாமாம். "யாருக்கும்மா தெரியப்போகுது?" என்கிறார். எனக்குத் தெரியுமே.

எல்லோரும் என்னைப் பழையபடி ஆப்பிள் கூடைப் பக்கம் அனுப்பப் பார்க்கிறார்கள். ஜூலை வரை எதற்கு இழுக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அந்த நாற்காலி இன்னும் இருக்கிறதா அப்பா? இருந்தால் வருகிற வாரமே கிளம்பி வந்துவிடுகிறேன்.

உங்கள் மகள்

ஏப்ரல் 22

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் காலையில் வந்தது. மதியச் சாப்பாட்டுக்குக்கூட உட்காராமல் பதில் எழுதுகிறேன். எல்லோரும் நலம்.

நாற்காலி இருக்கிறது. இல்லாமல் எங்கே போகும்? ஆனால் நீ உடனே கிளம்ப வேண்டாம். பெரிய காரணம் ஒன்றுமில்லை. அதற்கு வார்னிஷ் அடித்திருக்கிறார்கள். இந்தக் காலத்து வார்னிஷைத்தான் உனக்குத் தெரியுமே, சட்டென்று காயாது. அவசரப்பட்டு உட்கார்ந்தால் துணியோடு ஒட்டிக்கொள்ளும். ஜூன் கடைசி வரைக்கும் யாரும் கிட்டேயே போகக் கூடாது என்று மேனேஜர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனவே அதுவரை அங்கேயே இரு. இருக்கிறதுதான் இருக்கிறாய், அந்தச் சுவரை இன்னும் நாலு தரம் எழுப்பிப் பாரேன்.

இன்னொன்று. நானும் ரொட்டிக்காரரும் மறுபடியும் ஒரு பெட்டி சுட்டோம். அதை ரயில் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். சாப்பிடுவதற்கு அல்ல. உன் இனிப்பை நான் செய்தால் எவ்வளவு கேவலமாக இருக்கும் என்று நீ ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்தால் உனக்கு உன் மேலேயே ஒரு மரியாதை வரும். மனசு சரியில்லாதபோது நான் உன் அம்மாவுக்குப் பாட்டுப் பாடிக் காட்டுவதும் இதற்காகத்தான்.

தபால் வண்டி வரும் நேரம். நிறுத்துகிறேன்.

அப்பா

மே 6

அன்புள்ள அப்பாவுக்கு,

வைக்கோலை மறந்துவிட்டீர்கள்.

நலமா என்று கேட்பதற்கு முன்னால் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மரப்பெட்டி வந்தது. நீங்கள் அடித்திருந்த ஆணிகளைப் பிடுங்க ஹோட்டல் தச்சரைக் கூப்பிட வேண்டியிருந்தது. "உள்ள என்ன, புலியா?" என்றார். திறந்தால் அவ்வளவு பெரிய பெட்டிக்குள் உங்கள் மாவுப் பெட்டி மட்டும் தனியாக உருண்டுகொண்டிருக்கிறது. ஒரு பிடி வைக்கோல் இல்லை. இரண்டு ரயில் மாறி, வண்டிக்காரன் கையால் எறிபட்டு வந்திருக்கிறது. ஒரு விரிசல் இல்லை அப்பா.

தொப்பி அதை வாங்கிக் கரண்டிக் காம்பால் தட்டினார். கதவைத் தட்டுகிற சத்தம் வந்தது. "யாரும்மா உள்ள?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு ரம்பக் கத்தியால் மூடியை அறுத்துத் திறந்தோம். உள்ளே இருந்தது கெட்டுப்போகவில்லை. ஈரம்கூட அப்படியே இருந்தது. ருசியைப் பற்றி எழுத மாட்டேன். கிராம்பை நீங்கள் கையால் போட்டீர்களா, முறத்தால் போட்டீர்களா?

அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நான் இத்தனை மாதமாகத் தின்பதற்கு ஒரு சுவர் கட்டிக்கொண்டிருந்தேன். டீச்சர் சொன்னபோது காதில் ஏறியது, கையில் ஏறவில்லை. அது தின்பண்டமே இல்லை, பெட்டி. பெட்டிக்கு எதற்கு வெண்ணெய்?

தொப்பியிடம் போனேன். தகர அச்சு வேண்டாம், பெட்டியைப் பெட்டியாகவே வைக்கிறேன் என்றேன்.

"தின்ன முடியாததை என் மேஜையில வைக்க மாட்டேன்."

"தட்டையும்தான் சார் வைக்கிறோம். யாராவது தின்னறாங்களா?"

என் வாயிலிருந்துதான் வந்ததா என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

"உனக்கு வேலை வேணுமா வேண்டாமா?"

"வேணும் சார். ஆனா பொய்யா ஒண்ணைச் செஞ்சு வெச்சு அந்த வேலை வேண்டாம். அனுப்பிட்டீங்கன்னா எங்க ஊர்ல எனக்கு ஒரு நாற்காலி காத்துட்டிருக்கு. வார்னிஷ்கூட அடிச்சு வெச்சிருக்காங்க."

அவர் தொப்பியை நிமிர்த்தி வைத்துக்கொண்டார். "செய். விழுந்துச்சுன்னா நீ வார்னிஷ் மோந்து பார்க்கப் போகலாம்" என்றார்.

அந்த நாற்காலி மட்டும் இல்லையென்றால் எனக்கு அவ்வளவு வாய் வந்திருக்காது அப்பா. அதைத் திட்டி எழுதியதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

இப்போது மாவைக் கொதிக்கிற தண்ணீரில் பிசைகிறேன். உருண்டைக் கட்டையைச் சுற்றிச் சுவரை இழுத்து, ஒரு நாள் காயவிடுகிறேன். ஆப்பிளை நறுக்குவதை விட்டுவிட்டேன். குறிப்பில் 'இடி' என்றுதானே இருக்கிறது. கெட்டிக்காரத்தனமாக நான்தான் நறுக்கிக்கொண்டிருந்தேன். அத்தியோடு சேர்த்து இடித்தால் ஆப்பிள் விடும் தண்ணீரை அத்தியே குடித்துவிடுகிறது. நேற்று ஒன்று நின்றது.

அம்மாவுக்கு என் முத்தம்.

உங்கள் மகள்

மே 12

அன்பு மகளுக்கு,

வைக்கோல் விஷயத்தை இந்தப் பக்கம் யாருக்கும் எழுதிவிடாதே. ஷெட்டில் தெரிந்தால் நான் தலைகாட்ட முடியாது. பார்சலை மூடும்போது என் புத்தி என்னிடம் இல்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

நின்றதா? ஒன்று நின்றால் நூறு நிற்கும். ரொட்டிக்காரர் உன் கடிதத்தை இரண்டு தடவை வாங்கிப் படித்தார். "தட்டையும்தான் சார் வைக்கிறோம்" என்பதைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். நேற்று ரொட்டி கருகிவிட்டது என்று ஒரு அம்மாள் திருப்பிக் கொடுக்க வந்தபோதும் அதையே சொன்னார். அங்கே அது செல்லவில்லை.

நாற்காலி நன்றாக இருக்கிறது. அதைப் பற்றி அடிக்கடி பேச வேண்டியதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா

கண்ணு, இது அம்மா. அப்பா நன்றாக இருக்கிறார். ஆனால் நாற்காலிப் பேச்சை எடுத்தால் மட்டும் இருமுகிறார். தூசு ஒத்துக்கொள்ளவில்லையோ என்னவோ. நீ பயப்படாதே. சுவரைக் கட்டு.

ஜூன் 20

அன்பு மகளுக்கு,

நாங்கள் நலம். விருந்து முடிந்து ஐந்தாறு நாள் ஆகியிருக்க வேண்டும். தபால்காரர் எங்கள் தெருவுக்குள் வரும்போதே "இல்லை, இல்லை" என்று கையை ஆட்டிக்கொண்டு வருகிறார். நான் கேட்கவே இல்லை; சும்மா வாசலில் நின்றேன்.

எப்படி முடிந்திருந்தாலும் பரவாயில்லை. இரண்டு வரி போடு.

அப்பா

ஜூன் 18 (அப்பா கைக்குக் கிடைத்தது ஜூன் 23)

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நலம், நலம், நலம். மூன்று நாளாகப் பேனா பிடிக்க முடியவில்லை. இடித்து இடித்துத் தோள் மரத்துப்போயிருந்தது. இப்போது வரிசையாகச் சொல்கிறேன்.

மேஜைக்கு ஒரு பெட்டி. எல்லாம் நின்றன. கொண்டுபோகும்போது என் கால்தான் ஆடியது, பெட்டி ஆடவில்லை. எல்லோருக்கும் முன்னால் மூடியை அறுத்து எடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. அதற்குள் முதல் மேஜையில் ஹோட்டல் முதலாளியே ஓரத்தை உடைத்து வாயில் போட்டுவிட்டார். கடக்கென்று சத்தம். தாடையைப் பிடித்துக்கொண்டார். தொப்பியின் முகம் மாவாகிவிட்டது.

எனக்கு என்ன தோன்றியதோ, "ஐயா, அது டப்பாங்க" என்றேன். "எங்கப்பா கடிச்சு ரெண்டு பல்லு போச்சு. நீங்க முந்திட்டீங்க, இல்லைன்னா சொல்லியிருப்பேன்."

பிறகு முதலாளி தன் பல்லை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, "எனக்கு எல்லாம் இருக்கு. உங்கப்பாவை விட நான் பரவாயில்லை" என்றார். கூடமே சிரித்தது அப்பா. உங்கள் பல்லுக்காக அத்தனை பேர்.

அந்தச் சிரிப்போடு மூடியைத் திறந்தேன். ஆவியும் குங்குமப்பூ வாசனையும் எழுந்தன. ஸ்பூன் போட்டு எடுத்தார்கள். சர்க்கரையே இல்லை என்றதும் நம்பாமல் மறுபடி எடுத்தார்கள். சரித்திர டீச்சர் சாப்பிட்டு முடித்து, காலிப் பெட்டியைக் கவிழ்த்து மேஜையில் தட்டினார். நின்றது. மற்ற மேஜைகளிலும் தட்ட ஆரம்பித்தார்கள். டக் டக் என்று கூடம் முழுக்க. அடுத்த இரண்டு தட்டுகளும் வந்தபோது பாதிப் பேர் காலிப் பெட்டியை மடியில் வைத்திருந்தார்கள், வீட்டுக்கு எடுத்துப்போக.

தொப்பி என்னிடம் வந்து தொப்பியைக் கழற்றினார். உள்ளே முடி இல்லை என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. "நாளையிலிருந்து ஆப்பிளை வேற யாராவது உரிக்கட்டும்" என்றார். அடுப்புக்கு நேர் எதிரே எனக்கு ஒரு மேஜை. நிரந்தரம். வாரம் ஒரு நாள் பெட்டி போட வேண்டும் என்று முதலாளி உத்தரவு. தட்டோடு ஒரு சின்ன அட்டை வைக்கிறார்கள்: 'கடிக்கக் கூடாது.'

அப்பா, இனி அந்த நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லுங்கள். பாவம், ஒரு வருஷமாக எனக்காகக் காலியாக வைத்திருந்தார்கள். மேனேஜரிடம் என் நன்றியைச் சொல்ல மறக்காதீர்கள்.

உங்கள் மகள்

ஜூன் 23

அன்பு மகளுக்கு,

தபால்காரர் இன்று கையை ஆட்டவில்லை. சைக்கிளிலிருந்து இறங்கி, உறையைக் கொடுத்துவிட்டு, படிக்கட்டும் என்று நின்றார். சத்தமாகவே படித்தேன். உன் அம்மா 'டக் டக்' இடத்தில் அழுதாள். முடி இல்லாத இடத்தில் சிரித்தாள். ரொட்டிக்காரர் அன்றைய ரொட்டியை வந்தவர்களுக்கெல்லாம் சும்மா கொடுத்தார். கருகினதையும் சேர்த்துத்தான்.

என் இரண்டு பல் ஒரு பெரிய கூடத்தையே சிரிக்க வைத்தது என்று பல் டாக்டரிடம் போய்ச் சொன்னேன். "பழைய பல்லு இருந்தா பத்திரமா வைங்க" என்றார். வைத்திருக்கிறேன்.

மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இருந்தாலும் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டார். நாற்காலியைப் பற்றி இனி நீ கவலைப்பட வேண்டாம்.

நாங்கள் அடுத்த மாதம் உன்னைப் பார்க்க வருகிறோம். எனக்கு ஒரு பெட்டி எடுத்து வை. ஸ்பூன் நான் கொண்டுவருகிறேன்.

உன் பெட்டிக்கார
அப்பா

இது கடிதத்தில் இல்லை, மகளே, மனசுக்குள் சொல்வது: ஒட்டுவதற்கு முன்னால் வழக்கம்போல உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "எல்லாத்தையும் எழுதியாச்சா, ஏதாவது விட்டுப்போச்சா?" என்று கேட்டாள். எனக்கு இருமல் வந்தது. "எல்லாம் எழுதியாச்சு" என்று சொல்லி உறையை நாக்கில் நனைத்து ஒட்டினேன்.

நீ ரயிலேறிய அந்த வாரமே அந்த நாற்காலியில் மேனேஜரின் மைத்துனி வந்து உட்கார்ந்துவிட்டாள்.